என் லேப்டாப்பில் மட்டும் இருந்தவை

எங்கள் குழு எழுதிய நிரல்களுக்கு என்னென்ன கருவிகள் தேவை, ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு தேவை என்பதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வழி இருந்தது. அந்த வழி எனக்குத் தெரிந்தும் இருந்தது. கூட வேலை பார்த்த ஒரு பெண் அதைச் செய்துகொண்டு வந்து என் முன் வைத்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். பிறகு அந்த மறுப்பினால் விளைந்த தவறு அவர் பெயரில் பதிவானது. நான் வாயைத் திறக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன். எப்படி நடந்தது என்று சொல்லும்போது தொழில்நுட்ப விவரங்கள் கொஞ்சம் வரும். அவற்றைத் தவிர்க்க முடியாது; இத்தனை காலம் நான் ஒளிந்துகொண்டிருந்தது அந்த விவரங்களுக்குப் பின்னால்தான்.

நாங்கள் எழுதியது கோ மொழியில். கூகுளில் உருவாகி 2009 நவம்பரில் வெளியே வந்த மொழி. பிறர் எழுதிய நூலகங்களை நம் நிரலில் சேர்க்கும்போது எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்பது கோ.மாட் என்ற சிறிய கோப்பில் பதிவாகிவிடும். பக்கத்திலேயே கோ.சம் என்று இன்னொரு கோப்பு. சேர்த்த ஒவ்வொரு நூலகத்தின் உள்ளடக்கத்துக்கும் ஒரு ஹாஷ் அதில் இருக்கும். நூலகத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஹாஷ் ஒத்துவராது, பில்ட் அங்கேயே நின்றுவிடும். இந்த மாட்யூல் ஏற்பாடு 2018 ஆகஸ்டில், 1.11 பதிப்பில், சோதனையாக வந்தது. அதற்கு முன்பே கோ எழுதியவர்களுக்கு நினைவிருக்கும்: 'கோ கெட்' என்று அடித்தால் அந்த நிமிடம் அந்த ரெப்போவின் நுனியில் என்ன இருக்கிறதோ அதுதான் இறங்கும். நேற்று இறங்கியது ஒன்று, இன்று இறங்குவது வேறொன்று. அந்தக் குழப்பத்தில் உழன்றவன் என்பதால், மாட்யூல் வந்ததும் எங்கள் ரெப்போக்களை முதலில் மாற்றியது நான்தான். கோ.சம் கோப்பைச் சேர்க்காமல் யாராவது ரிவ்யூவுக்கு அனுப்பினால் ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் திருப்பிவிடுவேன்.

கல்யாணச் சமையலுக்கு ஒத்துக்கொள்கிறவர் இரண்டு லிஸ்ட் கொடுப்பார், மளிகைக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று. இலையில் விழுவது மளிகைதான். ஆனால் அண்டாவும் ஜல்லிக் கரண்டியும் இல்லாமல் பந்தி நடக்காது. நிரல் எழுதுவதிலும் அப்படி இரண்டு வகை உண்டு. நிரலுக்குள் போய்ச் சேரும் நூலகங்கள் ஒரு வகை. நிரலுக்குள் போகாமல், அதை எழுதுகிறவர் கையில் மட்டும் இருக்கும் கருவிகள் இன்னொரு வகை. நான் முதல் லிஸ்டுக்காகச் சண்டை போட்டேன், இரண்டாவது லிஸ்டை எழுதவே இல்லை.

எங்களிடம் இருந்த கருவிகள் ஒன்றும் அபூர்வமானவை அல்ல. எண்களாக இருக்கும் மாறிலிகளுக்குப் பெயர் எழுதித் தரும் ஸ்ட்ரிங்கர். சோதனைக்காக இன்டர்ஃபேஸ்களுக்குப் போலி வடிவம் எழுதித் தரும் மாக்ஜென். நிரலைத் துருவிப் பார்க்கும் கோலாங்சிஐ-லின்ட். எல்லாவற்றுக்கும் மேல் புரோட்டாக்-ஜென்-கோ. ஒரு சர்வீஸ் இன்னொரு சர்வீஸோடு பேசும் செய்தி எந்த வடிவில் இருக்கும் என்பதை ஒரு புரோட்டோ கோப்பில் எழுதுவோம். புரோட்டாக் என்ற கம்பைலர் அதைப் படித்துவிட்டு இந்தப் பிளகின்னைக் கூப்பிடும். பிளகின் நமக்கான கோ நிரலை எழுதிக் கொடுக்கும். அப்படி எழுதப்பட்ட கோப்பின் தலையில் 'இது இயந்திரம் எழுதியது, திருத்தாதே' என்ற எச்சரிக்கை இருக்கும்.

புரோட்டாக் தன் பிளகின்னை எப்படித் தேடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். பெயரை வைத்துத்தான் தேடுகிறது. அந்தக் கணினியின் பாத்தில் அந்தப் பெயரில் எது முதலில் கிடைக்கிறதோ அதை ஓட்டும். என்ன பதிப்பு என்று கேட்காது. ஆகவே ஒரே புரோட்டோ கோப்பிலிருந்து என் லேப்டாப் ஒரு நிரலையும் பக்கத்து மேசை லேப்டாப் வேறொரு நிரலையும் எழுதலாம். கோ.மாட்டுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. பதிப்புகளின் ஹாஷ்களைப் பொதுவில் பதிந்து வைக்கும் சரிபார்ப்புத் தளம் 2019 செப்டம்பரில், 1.13 பதிப்பிலிருந்து, எல்லோருக்கும் இயல்பாகவே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆனால் எந்தப் பதிப்பை எடுப்பது என்றே சொல்லாத இடத்தில் அது எதைச் சரிபார்க்கும்?

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கோ மொழிக்கான புரோட்டோ நூலகம் புதிய முகவரிக்கும் புதிய வடிவத்துக்கும் மாறியது. பழைய பிளகின், சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைப்பதற்கான ஜிஆர்பிசி நிரலையும் சேர்த்தே எழுதித் தரும். புதியது அதை மறுத்துவிடும். அதற்குத் தனிப் பிளகின். அந்தத் தனிப் பிளகின் எழுதும் நிரலோ, ஒவ்வொரு சர்வரும் ஒரு குறிப்பிட்ட டைப்பைத் தனக்குள் பொதிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். நல்ல காரணத்துக்காக வந்த மாற்றம்தான். பழைய நிரல் வைத்திருப்பவருக்கு மட்டும், ஜெனரேட் செய்த மறுகணம் கம்பைலர் பிழைகளாகக் கொட்டும். என் லேப்டாப்பில் பழைய பிளகின் இருந்தது. அது அங்கே எப்போது வந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. எங்கள் ரீட்மீயில் 'புரோட்டாக்-ஜென்-கோவை இன்ஸ்டால் செய்துகொள்ளவும்' என்று ஒரு வரி இருந்தது. எழுதியவன் நான். பதிப்பு எண் இல்லை.

அந்த ஆண்டின் கடைசியில், முதலில் சொன்ன அந்தப் பெண் எங்கள் குழுவில் சேர்ந்தார். கல்லூரி முடித்து வந்த முதல் வேலை. ரீட்மீயைப் பார்த்து இன்ஸ்டால் செய்தார், புதிய பிளகின் இறங்கியது, 'மேக் ஜெனரேட்' அடித்தார், எதுவும் ஓடவில்லை. தேடிப் படித்து இரண்டாவது பிளகின்னையும் போட்டார். இப்போது ஜெனரேட் ஆனது. எங்கள் சர்வர்களில் ஒன்றுகூடக் கம்பைல் ஆகவில்லை. தான் எதையோ உடைத்துவிட்டதாக நினைத்து லேப்டாப்பைத் துடைத்துப் போட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறார். பல இரவுகள் இதிலேயே போயிருக்கின்றன. தயங்கித் தயங்கி என்னிடம் வந்து கேட்டபோது நான் சொன்னது இது: "என் மெஷின்ல ஓடுதே." பிறகு தாராள மனதோடு உதவுவதுபோல, "நீங்க புரோட்டோவ மட்டும் மாத்தி அனுப்புங்க, நான் ஜெனரேட் பண்ணித் தரேன்" என்றேன். எந்தப் பதிப்பு என்று நான் பார்த்துச் சொல்லியிருந்தால் அவர் வேலை அன்றே முடிந்திருக்கும். பார்க்கவில்லை. அவருக்கு அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

அதன் பிறகு அதுவே வழக்கமானது. யார் புரோட்டோவை மாற்றினாலும் என்னிடம் வரும். நான் என் லேப்டாப்பில் ஜெனரேட் செய்து கமிட் போடுவேன். மாக்ஜென்னுக்கும் அப்படித்தான், ஸ்ட்ரிங்கருக்கும் அப்படித்தான். "அண்ணா, கொஞ்சம் ஜெனரேட் பண்ணிக் குடுங்களேன்" என்று நாள் தவறாமல் யாராவது வந்து நிற்பார்கள். அலுத்துக்கொள்வதுபோல் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. வயது ஏறிக்கொண்டிருந்த நேரம். என்னைவிட இளையவர்கள் என்னைவிட வேகமாக எழுதினார்கள். நான் இல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகாது என்ற நிலை என் பயத்துக்கு மருந்தாக இருந்தது. திட்டமிட்டு இந்த நிலையை உண்டாக்கினேன் என்று சொல்ல மாட்டேன். உண்டான பிறகு தெரிந்தே காப்பாற்றிக்கொண்டேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. இயந்திரம் எழுதும் கோப்பின் தலையில் புரோட்டாக்-ஜென்-கோ தன் பதிப்பு எண்ணையும் எழுதி வைக்கும். என் கமிட்டில் இருந்த எண்ணையும் தன் லேப்டாப் எழுதிய கோப்பில் இருந்த எண்ணையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். நோய் இன்னதென்று கண்டுபிடித்தார். மருந்தையும் கண்டுபிடித்து ஒரு புல் ரிக்வெஸ்ட் போட்டார். அதில் டூல்ஸ்.கோ என்று ஒரே ஒரு கோப்பு.

அந்தக் கோப்பு கோ உலகத்தில் பலரும் பின்பற்றிய வழி. கருவிகளை நூலகங்களைப் போல இம்போர்ட் செய்து ஒரு கோப்பில் எழுதுவார்கள். கருவி என்பது தனி நிரல். அதை இம்போர்ட் செய்தால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. அதனால் கோப்பின் தலையில் 'டூல்ஸ்' என்று ஒரு பில்ட் டேக் போட்டுவிடுவார்கள். அந்த டேக்கை யாரும் எப்போதும் இயக்கமாட்டார்கள், ஆகவே கோப்பு ஒருபோதும் கம்பைல் ஆகாது. ஆனால் கோ.மாட்டை ஒழுங்குபடுத்தும் 'கோ மாட் டைடி' கட்டளை, 'இக்னோர்' என்ற ஒன்றைத் தவிர எல்லா டேக்குகளும் இயங்குவதாக எடுத்துக்கொண்டுதான் இம்போர்ட்டுகளைப் பார்க்கும். அதன் கண்ணில் இந்தக் கோப்பு படும், கருவிகளின் பதிப்பு கோ.மாட்டில் ஏறிவிடும், ஹாஷ் கோ.சம்மில் ஏறிவிடும். புதிதாக வருகிறவர் ரெப்போவை இறக்கி ஒரு கட்டளை அடித்தால், எல்லோரிடமும் இருக்கும் அதே கருவி அவரிடமும் இருக்கும்.

நான் அதை நிராகரித்தேன். "கம்பைலே ஆகாத ஒரு ஃபைல் ரெப்போவில் எதற்கு?" என்று ரிவ்யூவில் எழுதினேன். இரண்டு தொழில்நுட்பக் காரணங்களையும் சேர்த்தேன். முதலாவது, கருவியின் சார்புகளெல்லாம் நம் கோ.மாட்டுக்குள் வந்துவிடும். கோ மாட்யூல்களில் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்தவர் ரஸ் காக்ஸ். 2018 பிப்ரவரியில் தொடர் கட்டுரைகளாக அதை விளக்கினார். ஒரு நூலகத்தைப் பலர் கேட்டால், ஒவ்வொருவரும் குறைந்தது இது வேண்டும் என்று சொன்ன பதிப்புகளில் எது பெரியதோ அதுவே எல்லோருக்கும். ஆகவே ஒரு கருவி கேட்கும் நூலகப் பதிப்பு, நாம் ஓட்டும் நிரலின் நூலகத்தையே மேலே தள்ளிவிட முடியும். இரண்டாவது, கருவியின் பதிப்பைப் பூட்டினால் அது அங்கேயே பழையதாகி நிற்கும். ஒருநாள் புதிய கோவோடு ஓடாது.

இரண்டும் உண்மை. அதுதான் கொடுமை. இரண்டாவது காரணம் 2022 மார்ச்சில் 1.18 வந்தபோது பலித்தும்விட்டது: பழைய எக்ஸ்/சிஸ் நூலகத்தைச் சார்ந்திருந்த கருவிகள் மேக் கணினிகளில் பில்ட் ஆகாமல் போயின. அன்று எனக்கு ஒரு அற்பத் திருப்தி வந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் என் வாதங்கள் உண்மையாக இருந்ததால் நான் நேர்மையாக இருந்தேன் என்று ஆகாது. அந்த இரண்டு சிக்கலுக்கும் தீர்வு உண்டு என்று எனக்கே தெரியும். கருவிகளுக்குத் தனியாக ஒரு மாட்யூல் வைத்திருக்கலாம். 1.16இல் வந்த வசதியை வைத்து, 'கோ இன்ஸ்டால்' கட்டளையில் பதிப்பு எண்ணையும் சேர்த்து மேக்ஃபைலில் ஒரு வரி எழுதியிருக்கலாம், அது கோ.மாட்டைத் தொடவே தொடாது. குறைந்தபட்சம் ரீட்மீயில் எண்ணைச் சேர்த்திருக்கலாம். நான் எதையும் முன்வைக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ரிவ்யூவில் மூத்தவன் சொன்ன இரண்டு உண்மைகளுக்கு எதிராக, வந்து ஓராண்டு முடியாத பெண் என்ன சொல்வார்? புல் ரிக்வெஸ்டை அவரே மூடிவிட்டார்.

சில மாதம் கழித்து நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். நாங்கள் வேலை பார்த்தது மருந்துகளை வீட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில். இன்சுலின்போலக் குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளையும் சேர்க்கப் போகிறோம் என்று திடீரென்று முடிவானது. ஆர்டர் சர்வீஸிலிருந்து கிடங்கு சர்வீஸுக்குப் போகும் செய்தியில் 'குளிர்ச்சி தேவை' என்று ஆம் அல்லது இல்லை சொல்லும் ஒரு ஃபீல்டைச் சேர்க்க வேண்டும். வேலை அவர் கையில் வந்தது. மாலைக்குள் முடிய வேண்டும் என்றார்கள். எனக்குப் போன் செய்திருக்கிறார்; நான் எடுக்கவில்லை. தன் லேப்டாப்பில் ஜெனரேட் செய்தால் எல்லா சர்வர்களும் உடையும் என்று அவருக்குத் தெரியும். பழைய பிளகின்னைப் பூட்டி வைக்கலாம் என்று அவர் கொண்டுவந்த வழியை மூடியது நான். வேறு போக்கில்லாமல், இயந்திரம் எழுதிய கோப்பைத் திறந்து, திருத்தாதே என்ற எச்சரிக்கைக்குக் கீழே, கையாலேயே அந்த ஃபீல்டைச் சேர்த்தார்.

கம்பைல் ஆனது. டெஸ்டுகள் தேறின, அவை செய்தியை நினைவகத்திலேயே உருவாக்கி நேராக ஃபங்ஷனுக்குக் கொடுத்தவை. ஆனால் புரோட்டோ நூலகம் செய்தியை பைட்டுகளாக மாற்றும்போது எந்தெந்த ஃபீல்டு உண்டு என்று பார்ப்பது டிஸ்கிரிப்டர் என்ற பகுதியை. அது அதே கோப்பில் கீழே பைட்டுகளின் நீண்ட வரிசையாகக் கிடக்கும்; மனிதர் கையால் திருத்தக்கூடியது அல்ல. ஃபீல்டு ஸ்ட்ரக்ட்டில் இருந்தது, டிஸ்கிரிப்டரில் இல்லை. அதனால் மதிப்பு அனுப்பப்படவே இல்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. கிடங்குப் பக்கம் வராத ஃபீல்டுக்கு 'இல்லை' என்பதே இயல்பு மதிப்பு. குளிர்ச்சி தேவைப்படும் ஒவ்வொரு ஆர்டரும் குளிர்ச்சி தேவையில்லை என்று போய்ச் சேர்ந்தது.

பெட்டி கட்டும் ஒரு பணியாளர் இன்சுலின் அட்டையைக் கையில் எடுத்தபோது, சாதாரணப் பெட்டி என்று திரையில் இருப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். அவர் நிறுத்தியிராவிட்டால் அந்தப் பெட்டிகள் வெயிலில் வண்டியேறியிருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. சூட்டில் வீரியம் இழந்த இன்சுலினைப் பார்த்து, அது கெட்டுவிட்டது என்று நோயாளி பெரும்பாலும் கண்டுகொள்ள முடியாது. அவர் தன் அளவைச் சரியாகப் போட்டுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

விடுப்பு முடிந்து வந்ததும் சம்பவ அறிக்கை எழுதும் கூட்டம். மூல காரணம் என்ற இடத்தில் 'ஜெனரேட் செய்யப்பட்ட கோப்பு கையால் திருத்தப்பட்டது' என்று எழுதினார்கள். திருத்தியவர் யார் என்பது கமிட்டில் இருந்தது. ஏன் கையால் திருத்த வேண்டிவந்தது என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன், சொல்லியிருக்க வேண்டியவன் நான். எதிரில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் லேப்டாப் திரையைப் பார்த்தேன். பரிந்துரைகளில் 'ஜெனரேட் செய்த கோப்புகளில் கை வைக்கக் கூடாது என்று புதியவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்' என்று ஒரு வரி. அந்த வரியைச் சொன்னது நான். அறிக்கையின் கீழே ரிவ்யூ செய்தவர் என்று என் பெயர். அடுத்த ஆண்டு அவர் வேலையை விட்டுப் போனார். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். இருந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன்.

2025 பிப்ரவரியில் கோ 1.24 வந்தது. கோ.மாட்டுக்குள்ளேயே 'டூல்' என்று ஒரு வரி எழுதலாம் என்று அதில் ஏற்பாடு செய்துவிட்டார்கள். 'கோ கெட்' கட்டளையோடு 'டூல்' என்ற கொடியைச் சேர்த்துக் கருவியின் பெயரையும் பதிப்பையும் கொடுத்தால், அது பதிவாகிவிடும். 'கோ டூல் ஸ்ட்ரிங்கர்' என்று அடித்தால் பதிந்த பதிப்பே பில்ட் ஆகி ஓடும். பில்ட் ஆனது கேஷில் இருக்கும், அடுத்த முறை காத்திருக்க வேண்டாம். கம்பைல் ஆகாத கோப்பு என்ற விநோதம் இனி தேவையில்லை. நான் உற்சாகத்தோடு எங்கள் ரெப்போவை மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் போட்டேன். குழுவில் பாராட்டினார்கள். எத்தனை நாள் தலைவலி போயிற்று என்றார்கள். இதே காரியத்தை நாலு வருஷம் முன்னால் ஒருவர் செய்து கொண்டுவந்தார், நான்தான் தடுத்தேன் என்று அப்போதும் சொல்லவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

அவசரத்தில் அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. எல்லாக் கருவிகளையும் ஒரே கோ.மாட்டில் கொட்டினேன். தரவுத்தள அட்டவணைகளை மாற்றும் கருவி ஒன்று, நாங்கள் பயன்படுத்தும் டிரைவரின் புதிய பதிப்பைக் கேட்டது. விதிப்படி எங்கள் சர்வீஸுக்கும் அதே புதிய பதிப்பு வந்துவிட்டது. அவரை மறுக்க நான் எடுத்து வைத்த முதல் காரணமேதான். என் சொந்தப் புல் ரிக்வெஸ்டில் அதைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சோதனைச் சூழலில் இணைப்புகள் விட்டு விட்டுப் போனபோதுதான் கோ.மாட்டின் டிஃப்பைக் கூர்ந்து படித்தேன். பிறகு கருவிகளைத் தனிக் கோப்புக்கு மாற்றினேன். 'மாட்ஃபைல்' என்ற கொடியைக் கொடுத்தால் கோ.மாட்டுக்குப் பதில் வேறொரு கோப்பைப் படிக்கும், அதற்கெனத் தனி சம் கோப்பும் உண்டாகும். இந்த வசதி 2020 பிப்ரவரியில் வந்த 1.14லிருந்தே இருக்கிறது. அதாவது, அவர் எங்கள் குழுவில் சேர்வதற்கு முன்பிருந்தே.

எல்லாக் கருவியும் இதற்குள் அடங்காது. கோலாங்சிஐ-லின்ட்டை எழுதுகிறவர்களே அதை இப்படிப் பில்ட் செய்துகொள்ள வேண்டாம், தாங்கள் வெளியிடும் பைனரியை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். புரோட்டாக்கோ கோ நிரலே அல்ல, சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. இவை இரண்டுக்கும் பதிப்பு எண்ணையும் ஹாஷையும் மேக்ஃபைலில் எழுதினேன். ஒவ்வொரு கமிட்டையும் தானாகச் சோதிக்கும் சிஐ-யில் எல்லாவற்றையும் மறுபடி ஜெனரேட் செய்து, கமிட்டில் இருப்பதோடு ஒரு வரி வேறுபட்டாலும் பில்ட் விழும்படி வைத்தேன். சிஐ ஸ்கிரிப்டுகளில் ஆங்காங்கே இருந்த 'அட் லேட்டஸ்ட்', அதாவது இருப்பதிலேயே புதியதை எடு, என்பதையெல்லாம் எடுத்தேன். யாரோ எங்கோ புதிய பதிப்பு வெளியிட்ட காலையில் நம் பில்ட் உடைவதற்கு நாமே எழுதிக் கொடுத்த அனுமதி அது. இந்த வேலைகள் எல்லாம் சேர்த்தும் பெரிய வேலை அல்ல. இதைச் செய்யாமல் இருப்பதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

அவருக்குப் போன் செய்தேன். வேறொரு நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். மேலே எழுதியதை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். "எனக்கு அப்பவே தெரியும்ணா. கூட்டத்துல நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அறிக்கைக்குப் பிறகு ஜெனரேட்டட் ஃபைல் எதையும் படிப்பதற்குக்கூடப் பயமாக இருந்தது என்றும், அடுத்த வேலைக்கான இன்டர்வியூவில் இதைப்பற்றிக் கேட்டபோது தன் தவறு என்றே சொன்னதாகவும் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்று சொல்லாமல், "அந்த ரிப்போர்ட் இன்னும் அப்படியேதான இருக்கு?" என்று கேட்டார்.

அப்படியேதான் இருந்தது. மேலாளரிடம் பேசி அதைத் திருத்த அனுமதி வாங்கினேன். மூல காரணம் என்ற இடத்தில் கருவியின் பதிப்பு பதிவு செய்யப்படவில்லை என்றும், பதிவு செய்ய வந்த புல் ரிக்வெஸ்டை நான் நிராகரித்தேன் என்றும், அதன் இணைப்போடு எழுதினேன். பயிற்சி தர வேண்டும் என்ற பரிந்துரையை அடித்துவிட்டேன். திருத்திய அறிக்கையைக் குழுவுக்கும் அனுப்பினேன், அவருக்கும் அனுப்பினேன்.

பழைய ரெப்போக்கள் இன்னும் பாக்கி. ஒவ்வொன்றாக எடுத்து 'டூல்' வரிகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். மாக்ஜென் எங்களிடம் பழைய முகவரியில் இருந்தது. அந்த ரெப்போ 2023 ஜூனில் மூடப்பட்டு, ஊபர் நிறுவனம் அதன் கிளையைப் பராமரிக்கிறது, ஆகவே அங்கே மாற்ற வேண்டியிருக்கிறது. புரோட்டோ கோப்புகளில் சிரமமில்லை, தலையிலேயே எண் இருக்கிறது. ஸ்ட்ரிங்கர் தன்னைக் கூப்பிட்ட கட்டளையை மட்டும் எழுதும், பதிப்பை எழுதாது. எங்கள் பழைய மாக்ஜென் கோப்புகளிலும் பதிப்பு இல்லை. எந்தப் பதிப்பால் எழுதப்பட்டவை என்று கண்டுபிடிக்க வழியில்லாத கோப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றை எழுதிய லேப்டாப்பை எப்போதோ நிறுவனத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோப்புகளை இன்றைய பதிப்பில் மறுபடி ஜெனரேட் செய்து, வேறு எந்த மாற்றத்தோடும் கலக்காமல் தனிக் கமிட்டாகப் போடுகிறேன். ஒவ்வொரு கமிட்டின் செய்தியிலும், முந்தைய பதிப்பு பதிவு செய்யப்படவில்லை, பதிவு செய்யாதவன் நான் என்று எழுதி, என் பெயரையும் போடுகிறேன்.